நெப்ராஸ்காவின் ஓயாத வழக்கு

2003 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி கொலராடோவை 31–22 என்று வென்றது. அந்த சீசனில் அது 9-வது வெற்றி, தோல்வி மூன்றுதான். மறுநாள் இரவு தலைமைப் பயிற்சியாளர் பிராங்க் சோலிச்சுக்கு வேலை போயிற்று. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: இந்த அணி சராசரிக்குச் சரிவதை வேடிக்கை பார்க்க முடியாது, ஓக்லஹோமாவுக்கும் டெக்சாஸுக்கும் களத்தை விட்டுக்கொடுக்கவும் முடியாது.

12 ஆட்டத்தில் 9 வென்றவரை யாராவது அனுப்புவார்களா என்று நமக்குத் தோன்றும். நெப்ராஸ்காவைத் தெரிந்தவர்களுக்கு அது அவ்வளவு அதிசயமாகப் படவில்லை. அமெரிக்காவின் நடுவில், சோளக் காடுகளுக்கு மத்தியில், அப்போது 20 லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம் அது. தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றுகூட அங்கே கிடையாது. இருப்பதெல்லாம் லிங்கன் நகரத்தின் பல்கலைக்கழக அணி ஒன்றுதான். 1923-ல் திறந்த மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பரிலிருந்து சொந்த மண்ணில் நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கிறது. ஆட்ட நாளன்று ஓமஹா, லிங்கனுக்கு அடுத்தபடியாக மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த அரங்கம்தான் என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் தாக்குதல் ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு முடிதிருத்தும் கடையிலும் நடக்கும், தேவாலய வாசலிலும் நடக்கும்.

அமெரிக்கக் கால்பந்தின் அமைப்பே வாதத்துக்குத் தோதானது. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. பந்தோடு ஓடலாம், அல்லது எறியலாம். ஒவ்வொரு முயற்சி முடிந்ததும் ஆட்டம் நின்றுவிடும். அடுத்து என்ன செய்வது என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்புவார். அந்த அரை நிமிஷ இடைவெளியில் அரங்கத்தில் இருக்கிற எல்லோரும் பயிற்சியாளர் ஆகிவிடுகிறார்கள். எறிந்திருக்க வேண்டிய இடத்தில் ஓடிவிட்டார்கள், ஓடியிருக்க வேண்டிய இடத்தில் எறிந்துவிட்டார்கள் என்ற இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தே ஒரு ஆயுள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கலாம். நெப்ராஸ்காவில் பேசியிருக்கிறார்கள்.

அந்த வழக்கை 1968-லிருந்து தொடர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். விவாதம் எப்போதும் தாக்குதல் ஆட்டத்தைப் பற்றித்தான். பதில் பெரும்பாலும் வேறு இடத்தில் இருந்தது.

1962-ல் வயோமிங்கிலிருந்து வந்த பாப் டிவேனி, நலிந்து கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தியவர். ஆனால் 1967-லும் 1968-லும் ஆறு வெற்றி, நான்கு தோல்வி என்று அடுத்தடுத்து இரண்டு சுமாரான சீசன்கள். 1968-ன் கடைசி ஆட்டத்தில் ஓக்லஹோமாவிடம் 47–0. அவரை அனுப்பிவிட வேண்டும் என்று குரல் கிளம்பியது. டிவேனி தாக்குதல் ஆட்டத்தைப் புதிதாக அமைக்கும் பொறுப்பைத் தன் உதவியாளர் ஒருவரிடம் கொடுத்தார். கல்வி உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய, அதிர்ந்து பேசாத 31 வயது டாம் ஆஸ்போர்ன். உள்ளூர்க்காரர், ஹேஸ்டிங்ஸ் ஊரில் பிறந்தவர். அவர் அமைத்த புதிய ஆட்டம் எடுபட்டது. 1970-ல் தேசியப் பட்டம். 1971-ல் 13 ஆட்டமும் வென்று மறுபடி பட்டம். அந்த வருடம் நன்றி நவிலல் நாளில் ஓக்லஹோமாவை 35–31 என்று வென்ற ஆட்டத்தை நூற்றாண்டின் ஆட்டம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

தாக்குதலை மாற்றினார்கள், ஜெயித்தார்கள் என்று இந்தக் கதையைச் சுருக்கிவிடுவது சுலபம். அதே 1969-ல் நடந்த இன்னொன்றை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாய்ட் எப்லி என்ற மாணவர், கோலூன்றித் தாண்டும் வீரர், அடிபட்டுக் கிடந்தபோது எடை தூக்கி உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தார். காயம்பட்ட கால்பந்து வீரர்கள் சிலர் அவரைப் பார்த்துத் தாங்களும் தூக்க ஆரம்பித்தார்கள். திரும்பி வந்தவர்கள் முன்னைவிட வலுவாக இருப்பதை ஆஸ்போர்ன் கவனித்து எப்லியை டிவேனியிடம் அழைத்துப் போனார். எடை தூக்கினால் தசை இறுகி வேகம் குறையும் என்று பயிற்சியாளர்கள் நம்பிய காலம் அது. சரி, செய்து பார். ஆனால் ஒருவன் வேகம் குறைந்தாலும் உன் சீட்டு கிழிந்தது என்கிற மாதிரி சொல்லி டிவேனி ஒப்புக்கொண்டார். கல்லூரி அணிக்கென்று தனி உடல்வலுப் பயிற்சியாளர் வைக்கும் வழக்கத்துக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி. பின்னால் 30 ஆண்டுகள் எதிரணிகளைத் தள்ளிக்கொண்டு போன தோள்கள் அந்த எடைக்கூடத்தில் தயாரானவை.

1973-ல் ஆஸ்போர்ன் தலைமைப் பயிற்சியாளரானார். முதல் ஐந்து வருடமும் ஓக்லஹோமாவிடம் தோற்றார். அங்கே பாரி ஸ்விட்சர் ஓட்ட ஆட்டத்தால் எல்லோரையும் மிதித்துக்கொண்டிருந்தார். ஆஸ்போர்னோ அந்த நாளில் தொழில்முறை அணிகள் மாதிரி எறிதலும் ஓட்டமும் கலந்த ஆட்டம் ஆடியவர். டேவிட் ஹம், வின்ஸ் பெர்ரகாமோ என்று, பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் இடத்தில் நன்றாக எறியத் தெரிந்தவர்களை வைத்திருந்தார். பிற்காலத்தில் நெப்ராஸ்கா மரபு என்று எதைக் கோயில் மாதிரி கும்பிட்டார்களோ, அது அப்போது அங்கே இல்லவே இல்லை. 1978-ல் ஒருவழியாக ஓக்லஹோமாவை 17–14 என்று வென்றார். அந்த சீசன் முடிந்து கொலராடோ அழைத்தபோது போய்ப் பேசிவிட்டும் வந்தார். சொந்த ஊர் அவரை அவ்வளவு அலுக்க வைத்திருந்தது. பிறகு மனம் மாறி இருந்துவிட்டார். அதற்கப்புறம்தான் அணியை முழுக்க ஆப்ஷன் ஆட்டத்துக்குத் திருப்பினார்.

ஆப்ஷன் என்பது அடிப்படையில் ஒரு கணக்கு. களத்தில் ஒரு பக்கம் 11 பேர். வழக்கமான ஓட்டத்தில் குவாட்டர்பேக் பந்தைப் பின்னால் வருபவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவான். ஆக, தாக்குகிறவர்களில் ஒருவன் சும்மா நிற்கிறான். தடுப்பவர்களில் ஒருவன் மிஞ்சுகிறான். ஆப்ஷனில் எதிரணியின் ஓரத்து ஆள் ஒருவனை யாரும் தொடாமல் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். குவாட்டர்பேக் பந்தோடு அவனை நோக்கியே ஓடுவான். அவன் குவாட்டர்பேக் மேல் பாய்ந்தால் பந்து பக்கவாட்டில் ஓடி வரும் தோழனுக்குப் போய்விடும். தோழனைப் பார்த்து நகர்ந்தால் குவாட்டர்பேக் உள்ளே திரும்பி ஓடிவிடுவான். இருதலைக் கொள்ளி எறும்பாக நிற்கும் அந்த ஒருவன் எதைச் செய்தாலும் தப்பு. தொடாமலேயே ஒருவனை ஆட்டத்திலிருந்து கழித்தாயிற்று. மிச்சம் இருக்கும் தடுப்பாளர்களுக்குத் தலைக்கு ஒருவர் கிடைத்துவிட்டார்.

இந்தக் கணக்கு எந்த மண்ணில் பலிக்கும் என்பதுதான் முக்கியம். நவம்பர் மாதத்து நெப்ராஸ்காவில் குளிர்காற்று எறிந்த பந்தை எங்கோ கொண்டு போகும். அழகாக எறியத் தெரிந்த பையன் கலிபோர்னியாவை விட்டு அங்கே ஏன் வரப்போகிறான்? ஆனால் ஓடவும் எறியவும் தெரிந்த பையன்களைத் தொழில்முறை அணிகள் அப்போது குவாட்டர்பேக்காகவே மதிக்கவில்லை. அவர்களில் பலர் கறுப்பினத்தவர். குவாட்டர்பேக்காக வரும் கறுப்பினப் பையனை வேறு இடத்துக்கு மாற்றிவிடும் வழக்கம் பல கல்லூரிகளில் இன்னும் முழுதாகப் போகாத காலம். டெக்சாஸின் போர்ட் வொர்த்திலிருந்து 1980-ல் வந்த டர்னர் கில் முதல், புளோரிடாவிலிருந்து வந்த டாமி பிரேசியர் வரை, அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் அப்படி வந்தவர்கள். முன்னால் நின்று தள்ளுவதற்கு உள்ளூர்ப் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். உதவித்தொகை இல்லாமல், வீட்டுக் காசில் படித்துக்கொண்டே அணியில் சேர்ந்த இவர்களை வாக்-ஆன் என்பார்கள். கல்லூரிகள் தரக்கூடிய கால்பந்து உதவித்தொகைகளின் எண்ணிக்கையை 1970-களில் முதலில் 105, பிறகு 95 என்று தேசிய அமைப்பு குறைத்தபோது மற்ற அணிகள் மெலிந்தன. நெப்ராஸ்காவில் வாக்-ஆன் பையன்கள் கூட்டமாக இருந்தார்கள். ஒரே நேரத்தில் களத்தின் பல மூலைகளில் பயிற்சி நடக்கும். மூன்றாம் வரிசைப் பையனும் முதல் வரிசைக்காரன் அளவுக்கு வியர்ப்பான். நான்கு வருடம் எடை தூக்கி, நான்கு வருடம் அதே ஆட்டத்தை ஆயிரம் தரம் ஆடிப் பழகி, கடைசி வருடத்தில் களமிறங்குவான்.

அரங்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு இவ்வளவும் தெரியாது. குவாட்டர்பேக் ஓடுவதும் பந்து பக்கவாட்டில் போவதும் மட்டும் தெரியும். அதைத்தான் ஆட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

1983 அணி அந்த ஏற்பாட்டின் முதல் பெரிய அறுவடை. கில், மைக் ரோசியர், இர்விங் பிரையர். சராசரியாக ஆட்டத்துக்கு 52 புள்ளி. 12 ஆட்டமும் வென்று 1984 ஜனவரி 2 அன்று மியாமியில் நடந்த ஆண்டு முடிவு ஆட்டமான ஆரஞ்சு பௌலுக்கு வந்தார்கள். எதிரே அந்த ஊர்ப் பல்கலைக்கழகமான மியாமியே. அதன் இளம் குவாட்டர்பேக் பெர்னி கோசார் முதல் கால் பகுதியிலேயே எறிந்து எறிந்து 17–0 ஆக்கிவிட்டார். நான்காம் கால் பகுதியில் 31–17. ரோசியர் அடிபட்டு வெளியே. அவருக்குப் பதில் வந்த ஜெப் ஸ்மித் கடைசிக் கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன் போட்டார். கடைசி நிமிஷத்தில் நான்காவது வாய்ப்பு, வேண்டியது 8 கெஜம், கோட்டுக்கு 24 கெஜம். யாராயிருந்தாலும் எறிந்திருப்பார்கள். ஆஸ்போர்ன் ஆப்ஷன் சொன்னார். கில் வலப்பக்கம் ஓடி, கடைசி நொடியில் பந்தைத் தள்ள, ஸ்மித் மூலைக்கு ஓடிச் சேர்ந்தார். 31–30. மிச்சம் 48 நொடி.

டச்டவுனுக்குப் பின் ஒரு கூடுதல் முயற்சி உண்டு. அதில் உதைத்தால் ஒரு புள்ளி, சமன்; ஓடியோ எறிந்தோ கோட்டைத் தாண்டினால் இரண்டு புள்ளி, வெற்றி. அப்போது கூடுதல் நேர ஆட்டம் கிடையாது. அன்று மதியமே இரண்டாம் இடத்திலிருந்த டெக்சாஸ் தோற்றுவிட்டது. தோல்வியே காணாத நெப்ராஸ்காவுக்குச் சமன் செய்தாலே, அன்று சாம்பியனை முடிவு செய்த வாக்கெடுப்பில் பட்டம் கிடைத்திருக்கும் என்பதில் அநேகமாக யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆஸ்போர்ன் இரண்டு புள்ளிக்குப் போனார். கில் வலப்பக்கம் நகர்ந்து ஸ்மித்துக்கு எறிந்தார். மியாமியின் கென்னி கால்ஹூன் விரல் பட்டுப் பந்து திசை மாறியது. பட்டம் மியாமிக்கு.

40 ஆண்டுகளாக அந்த முடிவைப் பிரித்து மேய்கிறார்கள். ஜெயிக்க வந்தோம், சமன் செய்ய வரவில்லை என்பது ஆஸ்போர்னின் நிலை. எனக்கு அது சரியான முடிவு. மானம் பெரிதா பட்டம் பெரிதா என்று பட்டிமன்றம் வைக்க வேண்டியதில்லை. முதலிடத்தில் இருக்கும் அணி சமனுக்கு உதைத்துப் பட்டம் வாங்கினால் அந்தப் பட்டத்தைப் பற்றி இன்னும் மோசமாகப் பேசியிருப்பார்கள். எல்லோரும் அந்த ஒற்றை எறிதலைப் பேசுகிறார்களே, 31 புள்ளி விட்டுக்கொடுத்ததை யார் பேசினார்கள்? 30 புள்ளி எடுத்த தாக்குதலை விசாரணைக்கு நிறுத்திவிட்டு, கோசாரை 300 கெஜம் எறியவிட்ட தற்காப்பைச் சாட்சியாகக்கூடக் கூப்பிடவில்லை.

1987 சீசனிலிருந்து 1993 சீசன் வரை, ஆண்டு முடிவுப் பெரிய ஆட்டங்களில் ஆஸ்போர்ன் வரிசையாக ஏழு தடவை தோற்றார். நான்கு தடவை புளோரிடா ஸ்டேட், இரண்டு தடவை மியாமி, ஒரு தடவை ஜார்ஜியா டெக். சோளக்காட்டு ஆப்ஷனெல்லாம் புளோரிடாப் பையன்களின் வேகத்துக்கு முன்னால் செல்லாது, எறிய ஆரம்பியுங்கள் என்பது அப்போது பொதுக்கருத்து. நாடு முழுக்க எழுதினார்கள். ஆஸ்போர்ன் ஆப்ஷனைத் தொடவில்லை. தற்காப்பை மாற்றினார். சார்லி மெக்பிரைடின் பொறுப்பில் இருந்த தற்காப்பு ஐந்து பேர் முன்வரிசையிலிருந்து நான்கு பேர் முன்வரிசைக்கு வந்தது. கனத்தைவிட வேகம் பார்த்து ஆள் எடுத்தார்கள். 1994 ஜனவரியில் புளோரிடா ஸ்டேட்டிடம் 18–16 என்று தோற்றதே மாற்றத்தின் அடையாளம். அந்த ஏழு தோல்விகளில் அதுதான் மிக நெருக்கமானது.

அடுத்த வருடம் பிரேசியருக்குக் காலில் இரத்தம் உறைந்து பாதி சீசனுக்குமேல் ஆட முடியவில்லை. ப்ரூக் பெரிங்கர் என்ற இன்னொருவரை வைத்து ஓட்டினார்கள், 13–0, பட்டம். 1995-ல் 12–0. 1996 ஜனவரி 2, பியஸ்டா பௌல். எதிரே ஸ்டீவ் ஸ்பரியரின் புளோரிடா, அந்தக் காலத்தின் நாகரிகமான எறிதல் ஆட்டத்துக்கே உதாரணம். நெப்ராஸ்கா 62–24 என்று வென்றது. ஓடியே 524 கெஜம். மூன்றாம் கால் பகுதியின் முடிவில் பிரேசியர் ஓடிய 75 கெஜத்தை இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். நடுவில் ஏழெட்டுப் பேர் அவரைப் பிடிக்கிறார்கள். எல்லோரையும் உதறிக்கொண்டு வெளியே வந்து ஓடுகிறார். அதே ஆட்டத்தில் புளோரிடாவின் குவாட்டர்பேக் டேனி வெர்பல், தன் கோட்டுக்குள்ளேயே விழுத்தப்பட்டதை அவ்வளவாகப் போட்டுக் காட்டுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் ஏழு வருடத் தோல்விக்கான பதில்.

அந்த 1995 பட்டத்தில் ஒரு கறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஓட்டக்காரர் லாரன்ஸ் பிலிப்ஸ் முன்னாள் காதலியைத் தாக்கிக் கைதானார். ஆஸ்போர்ன் அவரை ஆறு ஆட்டங்களுக்கு நிறுத்திவைத்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார்; பியஸ்டா பௌலில் பிலிப்ஸ்தான் முதலில் ஓடினார். கால்பந்து என்ற ஒழுங்கு இல்லாவிட்டால் பையன் கெட்டுப்போவான் என்று ஆஸ்போர்ன் வாதாடினார். அடிபட்ட பெண்ணின் பக்கம் இருந்து பார்த்தால் அந்த வாதம் நிற்காது. ஆட்டத் திட்டம் பற்றி ஊரே பேசிய அளவுக்கு இந்த முடிவைப் பற்றி அப்போது ஊர் பேசவில்லை.

1997-ல் மறுபடி 13–0, மிச்சிகனோடு பங்கு போட்ட பட்டம். அதோடு ஆஸ்போர்ன் ஓய்வு பெற்றார். 25 சீசன், 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். ஒரு வருடம்கூட 9 வெற்றிக்குக் கீழே போனதில்லை.

நாற்காலி சோலிச்சுக்கு வந்தது. டிவேனி காலத்தில் புல்பேக் என்னும் ஓட்டக்காரராக ஆடியவர், ஆஸ்போர்னிடம் நெடுங்காலம் உதவியாளர். 1999-ல் 12–1, மாநாடு என்று சொல்லப்படும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் பட்டம். 2001-ல் அவருடைய குவாட்டர்பேக் எரிக் கிரௌச் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை வாங்கினார். ஆனால் அந்த வருடம் கொலராடோவிடம் 62–36, ரோஸ் பௌலில் மியாமியிடம் 37–14. 2002-ல் 7–7. இங்கேதான் ஆப்ஷன் செத்துவிட்டது என்ற தீர்ப்பு எழுதப்பட்டது. 62 புள்ளி கொடுத்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு 36 புள்ளி எடுத்த ஆட்ட முறையின் மேல் பழி போட்டார்கள்.

பெடர்சன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். காலம் மாறியிருந்தது. கல்லூரிக் கால்பந்தின் தொலைக்காட்சி உரிமை தேசிய அமைப்பின் கையிலிருந்து 1984-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பறிபோனது. வழக்குப் போட்டவர்களில் ஒன்று ஓக்லஹோமாவின் பல்கலைக்கழகம். அதற்கு முன் தொலைக்காட்சியில் தெரிவது விரல்விட்டு எண்ணக்கூடிய அணிகள், நெப்ராஸ்கா அதில் ஒன்று. அதற்குப் பின் எல்லோரும் தெரிந்தார்கள். டெக்சாஸ் பையனுக்கு வடக்கே 600 மைல் வந்து குளிரில் நிற்க வேண்டிய கட்டாயம் போயிற்று. உதவித்தொகை எண்ணிக்கை 85-க்கு இறங்கியது. 1996-ல் டெக்சாஸ் கல்லூரிகளோடு சேர்ந்து பிக் 12 மாநாடு உண்டாக, படிப்புத் தகுதியில் அரைகுறையான வீரர்களைச் சேர்ப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. நெப்ராஸ்கா எதிர்த்தும் பயனில்லை. எடைக்கூடமோ எல்லா ஊரிலும் வந்துவிட்டது. அடித்தளம் கரைந்துகொண்டிருந்தது உண்மை. அதற்கு மருந்து என்று அவர் எடுத்தது ஆட்ட முறையை மாற்றுவது. 2002-க்குப் பிறகு சோலிச் தானே உதவியாளர்கள் பலரை மாற்றி, போ பெலினியைத் தற்காப்புக்குக் கொண்டுவந்து, 2003-ல் அது கண்கூடாகத் தேறியும் இருந்தது. அதையும் சேர்த்தே தூக்கியெறிந்தார்கள்.

ஏறத்தாழ ஆறு வாரம் தேடி, ஓக்லண்ட் ரெய்டர்ஸ் தொழில்முறை அணியில் இருந்து வந்த பில் கலஹனை 2004 ஜனவரியில் நியமித்தார்கள். வெஸ்ட் கோஸ்ட் ஆட்டம் என்னும் குறுகிய எறிதல் முறை அவர் கையில். ஓடுவதற்காக எடுத்த பையன்களை எறியச் சொன்னார். முதல் வருடமே 5–6. 1961-க்குப் பிறகு முதன்முறையாகத் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சின. டெக்சாஸ் டெக்கிடம் 70–10. வாக்-ஆன் கூட்டத்தையும் குறைத்தார். பழைய வீரர்கள் தங்களுக்கு அங்கே வேலை இல்லை என்று ஒதுங்கினார்கள்.

ஆனாலும் கலஹனின் தாக்குதல் ஆட்டம் தோற்றுவிட்டது என்பது தவறு. 2006-ல் அவர் குவாட்டர்பேக் ஜாக் டெய்லர் மாநாட்டின் சிறந்த தாக்குதல் வீரர். 2007 நவம்பரைப் பாருங்கள். கான்சாஸுக்கு எதிராக நெப்ராஸ்கா 39 புள்ளி எடுத்தது, கொடுத்தது 76. அடுத்த வாரம் கான்சாஸ் ஸ்டேட்டை 73–31 என்று வென்றது. கடைசி ஆட்டத்தில் கொலராடோவிடம் 51 எடுத்து 65 கொடுத்துத் தோற்றது. மூன்று ஆட்டத்தில் 163 புள்ளி எடுத்த அணியின் பயிற்சியாளரை அனுப்பினார்கள், தாக்குதலைத் திருத்துவதற்காகவே கொண்டுவந்தவரை. பெடர்சனை அதற்கு முந்தைய மாதமே அனுப்பியாயிற்று. 70 வயது ஆஸ்போர்ன் விளையாட்டுத் துறை இயக்குநராகத் திரும்பி வந்து அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

பிறகு வந்தவர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பெலினி ஏழு வருடம் 9 அல்லது 10 வெற்றி, ஆனால் முதல் ஆறு வருடமும் நான்கு தோல்விக்குக் குறையவில்லை. 2014-ல் சோலிச் மாதிரியே 9–3-ல் அவரும் போனார். மைக் ரைலி 19 வெற்றி, 19 தோல்வி. அப்புறம் 1997-ன் குவாட்டர்பேக் ஸ்காட் பிராஸ்ட், உட் ரிவர் ஊர்க்காரர், மண்ணின் மைந்தன். வேடிக்கை என்னவென்றால் இந்த மைந்தன் பள்ளி முடித்ததும் முதலில் போனது ஸ்டான்போர்டுக்கு. அங்கே பயிற்சியாளர் பில் வால்ஷ், வெஸ்ட் கோஸ்ட் ஆட்டத்தின் பிரம்மா. 2018-ல் ஊர் அவரைக் கொண்டாடி அழைத்தது, 16–31. ஒரே ஒரு வீச்சில் தலைகீழாகக்கூடிய நெருக்கமான ஆட்டங்களில் 5 வென்று 22 தோற்றார். 2022-ல் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28–17 என்று முன்னிலையில் இருக்கும்போதே பந்தை மீட்டெடுக்கலாம் என்று குட்டை உதை உதைக்கச் சொன்னார். பந்து எதிரணி கைக்குப் போய், ஆட்டம் 31–28 என்று கையைவிட்டுப் போனது. இரண்டு வாரத்தில் வேலையும் போனது. அவரை வீழ்த்திய கடைசி அணி ஜார்ஜியா சதர்ன். ஒரு காலத்தில் ஆப்ஷனுக்கே பேர்போன கல்லூரி, அந்த வருடம்தான் அதை விட்டுவிட்டு எறிய வந்திருந்தது. 45–42. மறுபடியும் 42 எடுத்துத் தோல்வி.

செத்துவிட்டதாகச் சொன்ன ஆப்ஷன் இதற்கிடையில் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. 1990-களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் க்ளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் ரிச் ரோட்ரிகஸ் அதே கணக்கைப் போட்டார்: ஓரத்து ஆளைத் தொடாமல் விடு, அவன் நகர்வதைப் பார்த்து முடிவெடு. குவாட்டர்பேக் பின்னால் தள்ளி நின்றான், ஆட்கள் அகலமாகப் பரவினார்கள், வேறொன்றும் மாறவில்லை. ஜோன் ரீட் என்ற பேரில் அது அர்பன் மேயரின் அணிகளுக்கும் ஒரெகனுக்கும் போய், 2010-களில் தொழில்முறை ஆட்டத்துக்கும் ஏறிவிட்டது. பழசாகிவிட்டது என்று நெப்ராஸ்கா தூக்கிப் போட்டதை நாடு முழுக்கப் புதுசு என்று எடுத்துக்கொண்டது. அதனால் ஆப்ஷனையே பிடித்துக்கொண்டிருந்தால் பட்டமாக வந்து குவிந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. அதை ஆடிய பையன்களை நான்கு வருடம் வளர்த்த ஏற்பாடுதான் அங்கே பெரிய விஷயம், அது ஓட்ட ஆட்டத்துக்கும் உதவியிருக்கும், எறிதலுக்கும் உதவியிருக்கும்.

2003-ல் எடுத்தது தவறான முடிவு என்பதே என் தீர்ப்பு. சோலிச் ஆஸ்போர்ன் அல்ல, ஆகவும் மாட்டார். ஆனால் அவரோடு சேர்த்து எதையெல்லாம் அனுப்புகிறோம் என்று கணக்குப் பார்க்காமல் அனுப்பினார்கள். 1999-ல் சோலிச் வென்ற மாநாட்டுப் பட்டம்தான் நெப்ராஸ்கா கடைசியாக வென்றது. அவர் 2005-ல் ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குப் போய் 16 சீசன் இருந்தார், 115 ஆட்டம் வென்றார், ஒஹாயோ ஆடிய மாநாட்டின் வரலாற்றிலேயே அதிகம் வென்ற பயிற்சியாளர் ஆனார். அதே 16 சீசனில் நெப்ராஸ்கா நான்கு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்தது.